கைமாறிய பச்சைச் சீட்டு

அத்தியாயம் 14

குடம் நிறைந்து வழிந்து, தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். கண் பார்த்ததே தவிர, பார்த்தது மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

"ஏனம்மணி, பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடைக்குக் குடுக்கறயே, சாக்கடை என்ன உனக்குச் சம்பந்தி ஊடா?"

பக்கத்து வீட்டுப் பாவாத்தாள் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. குடத்தை இழுத்து நகர்த்தினாள்.

"பெரிய படிப்புப் படிக்கற புள்ள. ரோசனையில இருக்கும், உடுங்க" என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள்.

பெரிய படிப்புதான். ஆறு வருஷமாக முடியாத படிப்பு. சூலூரின் இந்த வீதியிலிருந்து உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்த முதல் ஆள் அவள். இன்று மூன்று மணிக்குப் பீளமேட்டுக் கல்லூரியில் ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. அங்கே சொல்வதற்கு ஒரு பதில் இல்லாவிட்டால் அந்தப் பதிவு ரத்தாகிவிடும். நீட்டிப்பு இரண்டு முறை கொடுத்தாயிற்று. மூன்றாவது கிடையாது.

கேள்வி நேற்றுச் சாயங்காலம் வந்தது. கேட்டது அவளுடைய வழிகாட்டி மெஹராஜ் மேடம்.

"சீட்டைக் குலுக்குனியா, பொறுக்குனியா மதிவதனி?"

சூலூரைத் தாண்டி இருக்கும் நூல் மில்லில் நாற்பது பெண்கள். எல்லோரும் பகல், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி ஷிப்ட் போகிறவர்கள். அவர்கள் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, சிவப்புப் புள்ளி தெரிந்ததும் தொடச் சொல்லி நேரம் எடுத்தாள் மதிவதனி. தூக்கம் கெட்ட கண்ணுக்குப் புள்ளி தாமதமாகத் தெரியும். விரலும் தாமதமாகப் போகும்.

அளந்து முடித்த பிறகு சீட்டுக் குலுக்கினாள். இருபது பச்சை, இருபது மஞ்சள். பச்சை எடுத்தவர்களுக்கு ஷிப்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் மூச்சுப் பயிற்சி, கழுத்தையும் தோளையும் தளர்த்தும் பயிற்சி. மஞ்சளுக்கு ஒன்றும் கிடையாது. நாலு வாரம் கழித்து மறுபடியும் அளந்தபோது பச்சைக்காரர்கள் அடேயப்பா என்று சொல்லும்படி முன்னேறியிருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாயசம்கூட வைத்தார்கள்.

அந்தப் பாயசம் செரிப்பதற்குள்தான் மேடம் முதல் நாள் அளவுகளில் விரலை வைத்தார்.

"பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பச்சைக் குழு மஞ்சளைவிட இவ்வளவு பின்தங்கி இருக்கே? கண்ணை மூடிட்டு ரெண்டாப் பிரிச்சா, தூக்கம் கெட்டவங்க எல்லாம் எப்படிம்மா ஒரே பக்கம் போய்ச் சேருவாங்க? காய்ச்சல் உச்சத்துல இருக்கறப்போ அளந்தா, மாத்திரை குடுக்காட்டியும் மறுநாள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இது பயிற்சியால வந்த முன்னேற்றமா, காய்ச்சல் தானா இறங்குனதான்னு நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ?"

இரவெல்லாம் யோசித்தும் மதிவதனிக்கு ஒன்றுதான் தோன்றியது. சீட்டை அவளே கையால் குலுக்கினாள். ஆனால் சீட்டுகளைப் போட்டிருந்த தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு பெண்களை வரிசையில் விட்டது அண்ணி கயல்விழி.

அண்ணிக்கு இந்த வாரம் முழு நைட். வீடு வந்து சேர ஏழே முக்கால் ஆகும்.

*

கயல்விழி உள்ளே வந்ததும் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"மதி, சித்தத் தண்ணி குடு. இன்னைக்கு நூல் அறுந்து அறுந்து உசுரை வாங்கிருச்சு."

மதிவதனி சொம்பை நீட்டினாள். அண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணி, அன்னைக்கு உங்ககூட வேலை செய்யற லோகப்பிரியா பச்சைச் சீட்டு எடுத்துட்டு, எனக்குப் பச்சை எனக்குப் பச்சைன்னு குதிச்சாளுங்களே, ஞாபகமிருக்குதுங்களா?"

"ஆமா."

"மறுநாள் நான் பேர் எழுதறப்ப அவ கையில மஞ்சள் இருந்துச்சுங்க. நேத்து ராத்திரிதான் அது எனக்கு உறைச்சுது."

சொம்பைக் கீழே வைத்த கயல்விழி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"மாத்தியிருப்பா. அதுக்கென்ன இப்ப?"

"மாத்தியிருப்பாளா?"

"ஏம்மணி, ஷிப்ட் மாத்தறதில்லையா? அந்த மாதிரிதான். ஒருத்திக்குப் புள்ளைக்குச் சீக்கு, ஒருத்திக்கு நாலு நாளாத் தூக்கமில்ல. பச்சை வந்தவ நல்லாத் தூங்கறவளா இருந்தா, இந்தா நீ வெச்சுக்கோன்னு குடுத்துட்டுப் போயிட்டா. கேட்டுல நின்னே மாத்திக்கிட்டாளுங்க. பாவம் பாத்துச் செஞ்சதுதான், யாரும் யாரையும் ஏமாத்தல."

மதிவதனி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஒருவேளை அண்ணி பொய் சொல்லியிருந்தால் கோபப்படலாம். திருட்டுத்தனம் என்றால் திட்டலாம். இது இரண்டுமில்லை. அந்த மில்லில் யாருக்காவது ஒரு நாள் முடியவில்லை என்றால் இன்னொருத்தி ஷிப்டை மாற்றிக்கொள்வாள். இரண்டு பேரும் கயல்விழியிடம் சொல்லுவார்கள். அவள் நோட்டில் எழுதுவாள். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவார். பத்து வருஷமாக அப்படித்தான் அந்த இடம் ஓடுகிறது. மாற்றக் கூடாது என்று அந்தப் பெண்களிடம் சொல்ல வேண்டும் என்று மதிவதனிக்குத்தான் தோன்றவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. சீட்டு எடுத்த உடனே ஷிப்டுக்கான சங்கு ஊதிவிட்டது. பெண்கள் உள்ளே ஓடினார்கள். நாளைக்குச் சீட்டைக் கொண்டு வாருங்கள், பேர் எழுதிக்கொள்கிறேன் என்று அவள்தான் விட்டாள். ஒரு ராத்திரி முழுக்க நாற்பது சீட்டும் அவர்கள் முந்தானையில் இருந்தன.

"அண்ணி, தூக்கம் கெட்டவங்க எல்லாரும் பச்சைக்கு வந்துட்டாங்க. நல்லாத் தூங்கறவங்க எல்லாரும் மஞ்சளுக்குப் போயிட்டாங்க. அப்பறம் எப்புடிங்க ரெண்டையும் ஒப்பிடறது? யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுக்கறதுக்கு இது ரேசன் கடை இல்லீங்க!"

"யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுக்காம, வேண்டாதவங்களுக்குக் குடுக்கறதுதான் உங்க ஆராய்ச்சியா? என்ன கெரகமோ!"

அண்ணி கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

"எத்தனை பேர் மாத்துனாங்கன்னு தெரியுமுங்களா?"

"எங்கிட்டச் சொல்லாம மாத்துவாளுங்களா? நோட்டுல இருக்குது."

கயல்விழி பைக்குள்ளிருந்து நீள நோட்டை எடுத்தாள். ஷிப்ட் மாற்றங்கள் எழுதும் அதே நோட்டு. கடைசிப் பக்கத்தில் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில் எட்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்கள், நடுவில் ஒரு கோடு. ஒன்பதாவதாக ஒரு வரி இருந்தது. பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அதை அடித்திருந்தது.

"இது யாருங்க?"

"அது தப்பா எழுதுனது."

"லோகப்பிரியா பேரு இந்த எட்டுல இல்லீங்களே. அவ யாருக்குக் குடுத்தா?"

"ஞாபகமில்ல, மதி." கயல்விழி நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ராத்திரி பூரா நின்னு காலு ரெண்டும் மரத்துப்போச்சு. என்னையச் சித்தப் படுக்க உடு."

மதிவதனி பாயை விரித்துக் கொடுத்தாள். அந்த வரியை மட்டும் போனில் படம் எடுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. எட்டு வரிகளைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள்.

*

பஸ் நிலையத்தில் விடுவதற்காக அண்ணன் அன்புமணி அவளைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டான்.

இடது கையில் அவனுக்கு மூன்று விரல்கள்தான். மூன்று வருஷத்துக்கு முன்பு அதே மில்லில், முழு நைட்டில், பஞ்சு பிரிக்கிற மெஷின் பக்கத்தில் ஒரு கணம் கண் சொருகியது. அவ்வளவுதான். அதன் பிறகு மில் வேண்டாம் என்று ஆட்டோவுக்கு வந்துவிட்டான். மதிவதனியின் ஆராய்ச்சித் தலைப்பு மாறியதும் அதே மாதத்தில்தான்.

"என்ன அம்மணி, மூஞ்சி பொக்குன்னு இருக்குது? உங்க அண்ணிகூடச் சண்டையா?"

"சண்டையில்லண்ணா. என் படிப்பு போச்சு."

"போச்சுன்னா?"

அவள் சொன்னாள். பாதி அழுகையில், பாதி கோபத்தில். அவன் ஆட்டோவை ஓட்டியபடி கேட்டுக்கொண்டே வந்தான். பள்ளிக்கூட வேன் ஒன்று உரசுவதுபோல் போனதற்கு மட்டும் ஒரு வசவு கொடுத்தான்.

"அந்தப் பயிற்சியாலதான் முன்னேறுனாங்களா, தானா முன்னேறுனாங்களான்னு தெரியாது. அவ்வளவுதான உன் பிரச்சினை?"

"அவ்வளவுதானாண்ணா? அதுதாண்ணா எல்லாமே!"

"போன மாசம் மழை பேஞ்சு நம்ம வீதியில எல்லாத் தொட்டியும் ரொம்பிக் கெடந்துச்சே, ஞாபகம் இருக்குதா? வால்வு திருப்பறவன் என்னமோ அவனே மொண்டு ஊத்துன மாதிரி பீத்திக்கிட்டான். நான் அவனைப் பின்வீதிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க அவங்களுக்கு அடுத்த வாரம்தான் முறை, வால்வே திருப்பல. அங்கயும் தொட்டி ரொம்பித்தான் கெடந்துச்சு. இது மழைத்தண்ணிடா, உன்ற தண்ணி இல்லைன்னு சொன்னேன். வாயை மூடிட்டான்."

மதிவதனி முன் கம்பியைப் பிடித்தாள்.

"அண்ணா, நிறுத்து."

"ஏன், வாந்தி வருதா?"

"நிறுத்துண்ணா!"

ஆட்டோ ஒரு பேக்கரி ஓரமாக நின்றது. அவள் பைக்குள்ளிருந்து பேப்பரை எடுத்து மடியில் வைத்துக் கிறுக்க ஆரம்பித்தாள். மஞ்சளில் இருக்கும் இருபது பேருக்கு இன்னும் பயிற்சி கொடுக்கவில்லை. அவர்களை ஐந்தைந்து பேராக நான்கு குழுவாக்கினால்? முதல் குழுவுக்கு இந்த வாரம், அடுத்ததற்கு அடுத்த வாரம். தண்ணீர் முறை வைப்பதுபோல. பயிற்சி போன குழு மட்டும் முன்னேறி, முறை வராமல் காத்திருக்கும் குழு அப்படியே இருந்தால் அது பயிற்சியின் வேலை. காத்திருப்பவர்களும் ஒட்டுக்கா, அவர்களோடு சேர்ந்தே முன்னேறினால் அது மழை.

அன்புமணி மூன்று விரலால் கைப்பிடியில் தாளம் போட்டபடி காத்திருந்தான்.

"கெடச்சுருச்சா?"

"தெரியலண்ணா. ஆனா ஒண்ணு இருக்குது."

"அப்ப டீ சொல்லட்டுமா?"

"வேண்டாண்ணா. பஸ்ஸைப் புடிக்கோணும்."

*

மெஹராஜ் மேடத்தின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மதிவதனி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். சீட்டு, முந்தானை, நோட்டு, எட்டு வரி, அடித்த ஒன்பதாவது வரி.

மேடம் கோட்டைமேட்டுக்காரர். ஸ்கூட்டரில்தான் வருவார், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். இன்றைக்குக் கழற்றி வைத்து வெகு நேரமாகிவிட்டது.

"முதல் நாள் அளவை ஆய்வேட்டிலேர்ந்து எடுத்துட்டா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நேத்து ராத்திரி நினைச்சியா?"

மதிவதனி தலை குனிந்தாள்.

"நினைச்சேன், மேடம்."

"நானும் நினைச்சேன்" என்றார் மேடம். "வர்ற மார்ச்சுல ரிட்டயர் ஆகறேன். எனக்குக் கீழ பட்டம் வாங்க வேண்டிய கடைசி ஆள் நீ. ஒரு பத்தியை அழிச்சா முடிஞ்சு போற வேலை. அப்புறம்தான் அந்த மில்லு எச்.ஆர். மேனேஜர் சொன்னது ஞாபகம் வந்துச்சு."

மதிவதனிக்கும் அது மறக்கவில்லை. பயிற்சி நல்ல பலன் தருகிறது என்று எழுதிக் கொடுங்கள், முழு நைட்டில் கொடுக்கிற அந்தப் பத்து நிமிஷ இடைவேளையை எடுத்துவிடலாம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பொய்யாக ஒரு பலனை எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்து நிமிஷம் போகும். போவது அண்ணியின் பத்து நிமிஷம்.

"சரி, வேற வழி பாக்கலாம்" என்று மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜோடி சேர்த்துப் பாத்தியா? ஒரே வயசு, ஒரே மாதிரி வேகம், பச்சையில ஒருத்தி மஞ்சள்ல ஒருத்தி."

"பாத்துட்டேன், மேடம். ஏழு ஜோடிக்கு மேல தேறல. பச்சையில இருக்கற மெதுவானவங்களுக்கு மஞ்சள்ல ஜோடியே இல்லை."

"அப்போ ஆளை ஆளோட ஒப்பிடாம, ஒருத்தியை அவளோடவே ஒப்பிடணும். பயிற்சிக்கு முன்னாடி அவ எப்படி, பின்னாடி எப்படி."

"அதுல ரெண்டு சிக்கல் இருக்குதுங்க. கத்துக்கிட்ட மூச்சுப் பயிற்சியை மறக்கச் சொல்லித் திருப்பி அளக்க முடியாது. அப்பறம், டேப்லெட்டைத் தொட்டுத் தொட்டே கை பழகிரும். அதுவே முன்னேற்றம் மாதிரி தெரியும்."

"அதுக்கு?"

மதிவதனி ஆட்டோவில் கிறுக்கிய பேப்பரை மேஜையில் விரித்தாள். வால்வு, வீதி, மழை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. மேடம் முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு படித்தார். பிறகு மறுபடியும் படித்தார்.

"நாலு குழு. ஒரு வாரம் தள்ளித் தள்ளி ஆரம்பம். எந்தக் குழு எப்போன்னு சீட்டுல முடிவாகணும். கை பழகறதுன்னா காத்திருக்கறவங்களுக்கும் பழகும். அப்போ வித்தியாசம் தெரியும்." அவர் நிமிர்ந்தார். "ஆறு வாரம் வேணும். அதே மில்லு, அதே பொண்ணுங்க. இந்த நாலு வார வேலை?"

"முன்னோட்டம்னு மட்டும் போட்டுக்கலாம், மேடம். எப்படித் தப்பாச்சுன்னு அப்படியே எழுதிடறேன்."

"மூணு பேர் முன்னால உன் வாயால சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

*

மூன்று மணிக்கு ஆரம்பித்த கூட்டம் மூன்றே காலுக்கே மதிவதனிக்கு ஒரு நாள் போலத் தெரிந்தது.

வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் உயரமானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டே வந்தார். முடித்ததும் கேட்டார்.

"சீட்டுக்கு உதவி செஞ்சவங்களும், மாத்தினதை எழுதி வெச்சவங்களும் உங்க அண்ணி. அவங்களும் அந்த நாற்பது பேர்ல ஒருத்தரா?"

"ஆமாங்க, சார்."

"எந்தக் குழு?"

"பச்சைங்க."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே காதில் விழுந்தது. அண்ணி பச்சை. அன்றைக்கு அண்ணி கடைசியாகத்தான் சீட்டு எடுத்தாள். எடுத்துப் பிரித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது? மதிவதனி நினைவுபடுத்திப் பார்த்தாள். வரவில்லை.

"மொத்தம் எத்தனை மாற்றம்?"

"எட்டு, சார்." அவள் நாக்கு ஒரு கணம் தயங்கியது. "ஒன்பது இருக்கலாம். ஒண்ணு உறுதியாத் தெரியல."

அவர் பேனாவை மூடினார். மூன்று பேரும் குனிந்து ஏதோ பேசிக்கொண்டார்கள். மெஹராஜ் மேடம் ஜன்னலுக்கு வெளியே விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது பார்ப்பதுபோல் இருந்தார்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. புதிய முறைக்கு அனுமதி. ஆனால் இரண்டு நிபந்தனை. சீட்டு எடுப்பது மதிவதனியும் இல்லை, அவள் வீட்டு ஆளும் இல்லை, கல்லூரியிலிருந்து வேறொருவர். மில்லிலிருந்து ஆறு வாரத்துக்கான அனுமதிக் கடிதம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் பதிவு ரத்து.

"தப்பை மறைக்காம சொன்னதுக்காகத்தான் இந்த ரெண்டு நாள்" என்றார் அந்த உறுப்பினர். "நாலு பேர் மறைச்சிருப்பாங்க."

வராந்தாவுக்கு வந்ததும் மதிவதனி போனில் தேதியைப் பார்த்தாள். இன்றைக்குப் புதன். எச்.ஆர். நாளைக் காலையில் மில்லில் இருப்பார். ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து.

*

சூலூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆறு வருஷத்தில் முதன்முறையாக அவளுக்கு உட்கார்ந்தபடியே தூக்கம் வந்தது. கண் சொருகும்போது போன் அடித்தது.

அண்ணி.

"அண்ணி, கெடச்சுருச்சுங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள மில்லுல ஒரு லெட்டர் மட்டும்..."

"மதி." அந்தக் குரலில் தூக்கம் இல்லை. வேறு என்னவோ இருந்தது. "லோகப்பிரியாவுக்கு மெஷின்ல கை மாட்டிக்கிச்சு."

பஸ் ஒரு மேட்டில் ஏறித் தடாரென்று இறங்கியது.

"எப்பங்க?"

"ரெண்டரை மணிக்கு. பகல் ஷிப்டு முடியப்போற நேரம். நேத்து அரை நைட்டு, அடுத்து ஒருத்திக்காக மாத்திக்கிட்டுப் பகலும் நின்னிருக்கா. வலது கை. ரெண்டு வெரலு. ஒட்ட வெக்க முடியுமான்னு டாக்டருங்க பாத்துட்டு இருக்கறாங்க. நான் ஆஸ்பத்திரியிலதான் இருக்கறேன். என்னைய உங்க அண்ணன்தான் கொண்டாந்து உட்டாரு. உள்ள வரமாட்டேன்னு வெளிய ஆட்டோவுலயே உக்காந்திருக்கறாரு."

மதிவதனி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"அந்த ஒன்பதாவது வரி நாந்தான், மதி."

"அண்ணி..."

"எனக்கு மஞ்சள்தான் உழுந்துச்சு. அவதான் வந்து, அக்கா, உங்களுக்குக் கொழந்தை இருக்குது, அண்ணனும் இப்புடி ஆயிட்டாரு, நீங்க தூங்குங்கன்னு பச்சையை என்ற கையில திணிச்சா. நான் வேண்டாம்னு ஒருக்காத்தான் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல. வாங்கி வெச்சுக்கிட்டேன். அப்பறம் எழுதறப்பத் தம்பேரை நாமளே எழுதறமேன்னு கூச்சமாப் போச்சு. அடிச்சுப் போட்டேன்."

பின்னால் யாரோ ஒரு பெண் பெரிதாக அழும் சத்தம் கேட்டது. லோகப்பிரியாவின் அம்மாவாக இருக்க வேண்டும்.

"நீ படிச்சவ. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தச் சீட்டு அவகிட்டயே இருந்திருந்தா, அவளுக்கு இது ஆகியிருக்காதில்ல?"

காலையிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை பதில் சொல்லியிருக்கிறாள். ஜோடி சேர்ப்பது, தள்ளித் தள்ளி ஆரம்பிப்பது, மழையையும் வால்வையும் பிரிப்பது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல வழி உண்டு. இது ஒருத்தி. பச்சை எடுத்த லோகப்பிரியாவையும் மஞ்சள் எடுத்த லோகப்பிரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எந்த முறையும் கிடையாது.

"தெரியாதுங்க, அண்ணி."

"தெரியாதா?"

"யாருக்குமே தெரியாதுங்க."

"ஆறு வருசம் படிச்சுப் போட்டுத் தெரியாதுங்கற." கயல்விழி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஆமான்னு சொல்லியிருந்தா அவ கால்ல போய் உழுந்திருப்பேன். இல்லைன்னு சொல்லியிருந்தா ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிருப்பேன்."

பஸ்ஸில் கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். யாரோ இறங்கினார்கள். யாரோ ஏறினார்கள்.

"மதி, இன்னொண்ணு." அண்ணியின் குரல் தாழ்ந்தது. "அவங்கம்மா எல்லார் முன்னாலயும் பச்சைச் சீட்டு பச்சைச் சீட்டுன்னு சொல்லி அழுகுது. எச்.ஆர். சார் காதுல உழுந்துருச்சு. அது என்ன சீட்டு, யார் மாத்துனது, உங்ககிட்ட ஒரு நோட்டு இருக்குதாமே, எடுத்து வெய்யுங்கன்னு சொல்லியிருக்கறாரு. டாக்டரைப் பாத்துட்டு இப்ப வந்துருவாரு. நோட்டு என்ற பையிலதான் இருக்குது."

மதிவதனி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோட்டு அவர் கைக்குப் போனால் மில் ஒரே நாளில் கதவைச் சாத்தும். ஆராய்ச்சியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், உங்கள் சீட்டால்தான் வந்த வினை என்பார்கள். அண்ணியின் வேலையும் சேர்ந்து போகும். நோட்டே இல்லை என்றால், அழுகிற ஒரு தாயின் பேச்சு மட்டும்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிவரை அதைச் சமாளித்துவிடலாம், அதற்குள் கையெழுத்தும் வாங்கிவிடலாம்.

"என்ன செய்யட்டும், மதி? சீக்கிரம் சொல்லு."

"யாருகிட்டயும் குடுத்துராதீங்க, அண்ணி. நான் வாரேன். நான் வந்தர்றேன்."

"செரி" என்றாள் கயல்விழி. இணைப்பு அறுந்தது.

போனை மடியில் வைத்துக்கொண்டு மதிவதனி வெளியே பார்த்தாள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் மூன்று பேர் முன் நின்று எதையும் மறைக்காமல் சொன்னவள். நாலு பேர் மறைச்சிருப்பாங்க என்று அந்த மனிதர் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

கொடுக்காதீர்கள் என்றுதான் சொன்னாள்.

கிழிக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

அது இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டோமா, சொல்ல மனமில்லாமல் விட்டோமா என்று அவளுக்கே விளங்கவில்லை. அண்ணியின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் அடித்தது.

அண்ணி எடுக்கவில்லை.